சரிசெய்த பழைய கன்சர்ட்டினாவை இன்னொரு ரசிகரிடம் விற்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஹார்மோனியத்தைத் திறந்து பார்த்தவர்களுக்குக் கன்சர்ட்டினாவின் உள்பக்கம் அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. காற்றில் அதிர்ந்து ஒலி தரும் பித்தளை அல்லது எஃகு நாக்குகளான ரீடுகள், காற்றுத் துளைகளை மூடித் திறக்கும் தோல் ஒட்டிய பேடுகள், காற்றை உந்தும் துருத்தி, எல்லாம் அங்கேயும் உண்டு. இரண்டு கைகளுக்கு நடுவே விரிந்து சுருங்கும் ஆறுபக்கப் பெட்டிக்குள் அத்தனையையும் அடக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். இங்கிலாந்தில் பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடைகளிலும் ஏலங்களிலும் இன்றைக்கும் இவை கிடைக்கின்றன. வாங்கிச் சரிசெய்து, சில வருடம் வாசித்துவிட்டு, இன்னொருவருக்குக் கைமாற்றிவிடும் பழக்கம் ரசிகர்களிடையே சாதாரணம். அந்தக் கடைசிக் கட்டத்துக்குத்தான் இந்த வழிகாட்டி.

கடையில் வாங்குபவர் "வேலை செய்யுமா? எவ்வளவு?" என்று கேட்பார். ரசிகரோ, "சுருதி எத்தனையில் வைத்திருக்கிறீர்கள்? வால்வு முழுக்க மாற்றியதா, சிலது மட்டுமா? உள்ளே எண்கள் பொருந்துகின்றனவா?" என்று ஆரம்பிப்பார். பெரும்பாலும் அவருக்கு உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கும். அதனால் விற்பனைக்கான தயாரிப்பு என்பது அவர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு அவர் கேட்பதற்கு முன்பே பதில் வைத்திருப்பதுதான். விலை, பேரம், சந்திப்பு எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

கையில் இருப்பது எந்த வகை?

கன்சர்ட்டினா என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வாத்தியங்கள் இருக்கின்றன. ஒன்றை வாசிக்கத் தெரிந்தவருக்கு மற்றொன்று வராது. வகையைத் தவறாக எழுதினால் சரியான ஆள் உங்களுக்குப் பதிலே போடமாட்டார்.

முதல் வகை இங்கிலிஷ். இயற்பியலாளர் சார்ல்ஸ் வீட்ஸ்டன் உருவாக்கியது. துருத்தியை அழுத்தினாலும் இழுத்தாலும் ஒரு பொத்தானுக்கு ஒரே ஸ்வரம்தான் வரும். வழக்கமான டிரெபிள் மாடலில் 48 பொத்தான், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீதம் 96 ரீடுகள். இரண்டாவது ஆங்கிலோ. மவுத் ஆர்கன் மாதிரி, அழுத்தினால் ஒரு ஸ்வரம், இழுத்தால் வேறு ஸ்வரம். இதன் மூலம் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் ஊரில் 1834-இல் கார்ல் ஃபிரெட்ரிக் ஊலிக் செய்த வாத்தியம். லண்டன் தயாரிப்பாளர்கள் பிறகு அதைத் தங்கள் முறையில் செய்தார்கள். 20 அல்லது 30 பொத்தான் வருவது வழக்கம். மூன்றாவது டூயட்: இடது கையில் கீழ் ஸ்வரங்கள், வலது கையில் மேல் ஸ்வரங்கள். அதிலும் மக்கான், கிரேன் என்று பொத்தான் வரிசை மாறும். டூயட்டுக்கு ஆட்கள் குறைவு, ஆனால் இருப்பவர்கள் விடாமல் தேடுபவர்கள்.

ஆங்கிலோ என்றால் எந்தச் சுருதி ஜோடி (முக்கியமான இரண்டு பொத்தான் வரிசைகளும் எந்தெந்தச் சுருதியில் உள்ளன) என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அயர்லாந்து இசை வாசிப்பவர்களுக்கு, குறிப்பாகக் கிளேர் மாவட்டப் பாணியில் வாசிப்பவர்களுக்கு, சி/ஜி வேண்டும். இங்கிலாந்து நாட்டுப்புற நடனக்காரர்களில் பலர் ஜி/டி தேடுவார்கள். பழைய வாத்தியங்கள் பி-ஃபிளாட்/எஃப், ஏ-ஃபிளாட்/ஈ-ஃபிளாட் என்றும் வரும். அதை யாராவது சி/ஜி-க்கு மாற்றியிருந்தால் அது பெரிய விஷயம். மறைக்கவே கூடாது.

அடுத்து, செய்தவர் யார், எப்போது. பக்கப் பலகையின் பூவேலை வெட்டுக்கு நடுவில் உள்ள சின்னச் சாளரத்தில் பெயர்ச் சீட்டும் எண்ணும் இருக்கும். வீட்ஸ்டன் என்றால் உங்கள் பாடு எளிது. அந்த நிறுவனத்தின் பழைய பேரேடுகள் லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றை இணையத்திலேயே பார்க்கலாம். 1891-இலிருந்து 1910 வரை மட்டும் ஒரு பெரிய இடைவெளி. மற்ற காலத்து எண் என்றால் எந்த வருடம், எந்த மாடல் என்று கண்டுபிடிக்க வாய்ப்புண்டு. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லாஷனால் என்றால் எண்ணை வைத்து உத்தேசமாகத்தான் சொல்ல முடியும். சுவிட்சர்லாந்தில் பிறந்த லூயி லாஷனால் முதலில் வீட்ஸ்டனுக்குச் செய்து கொடுத்து, பிறகு தனியாகத் தொடங்கியவர். அந்தக் கம்பெனி 1930-களில் மூடப்படும்வரை ஏராளமாகச் செய்து தள்ளியது. இன்று சந்தையில் அதிகம் புழங்குவது அவர்கள் சரக்குதான். ஜெஃப்ரீஸ் என்ற இன்னொரு தயாரிப்பாளரின் வாத்தியங்களில் பொதுவாகத் தொடர் எண்ணே கிடையாது. பக்கத்தில் அடித்திருக்கும் பெயரையும் முகவரியையும் வைத்துத்தான் காலத்தைக் கணிக்க வேண்டும். "சுமார் 1890" என்று எழுதினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். "1887" என்று எழுதினால் ஆதாரம் கேட்பார்கள்.

உள்ளேயும் எண் இருக்கும்: ரீடு பலகையில், பொத்தான் பொறி இருக்கும் பலகையில், துருத்தியின் சட்டத்தில். எல்லாம் ஒன்றாக இருந்தால் பாகங்கள் தொடக்கத்திலிருந்தே கூடவே வந்தவை. ஏதாவது மாறியிருந்தால் எப்போதோ இரண்டு வாத்தியத்தைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். அதனால் விற்க முடியாமல் போகாது. விலை மட்டும் மாறும்.

"சரிசெய்தது" என்று மட்டும் எழுதாதீர்கள்

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் தூசி தட்டியதும் இருக்கலாம், எல்லா ரீடையும் அரம் வைத்துத் தேய்த்ததும் இருக்கலாம். திரும்பப் பெறக்கூடிய வேலை எது, பெற முடியாதது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பேடு, தோல் வால்வு (காற்று தவறான ரீடு வழியே போகாமல் தடுப்பது), ஸ்பிரிங், பொத்தானுக்கு அடியில் உள்ள கம்பளித் துணி, கைவார் எல்லாம் தேயும் பொருட்கள். புதிதாகப் போட்டால் நல்லது, யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. துருத்தி சற்றுச் சிக்கலானது. பழைய ஐந்து மடிப்புத் துருத்தியை எடுத்துவிட்டு ஆறு, ஏழு மடிப்பில் புதிது போட்டால் வாசிப்பவர் சந்தோஷப்படுவார், சேகரிப்பவர் முகம் சுளிப்பார். பழையதை எறிந்திருக்காவிட்டால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். கழற்றிய பொத்தான், திருகு, பழைய வால்வுகூட ஒரு பையில் போட்டு வாத்தியத்துடனே போக வேண்டும்.

ரீடுகள்தான் உண்மையான விஷயம். ரீடின் நுனியில் உலோகத்தைத் தேய்த்தால் சுருதி ஏறும், அடியில் தேய்த்தால் இறங்கும். எந்தப் பக்கம் தேய்த்தாலும் போன உலோகம் திரும்ப வராது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து வாத்தியங்கள் பல, ஏ ஸ்வரம் ஏறத்தாழ 452 ஹெர்ட்ஸ் இருக்கும் பழைய உயர் சுருதியில் செய்யப்பட்டவை. இன்றைய 440-ஐவிட அது கிட்டத்தட்ட அரை செமிடோன் (பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான தூரத்தில் பாதி) அதிகம். இன்னொருவருடன் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்றால் 440-க்கு இறக்கித்தான் ஆக வேண்டும். அதனால் இறக்கியிருந்தால் அதை ஒரு சிறப்பாகவே சொல்லலாம்: யார் செய்தது, எப்போது, எந்த முறையில் என்று.

இன்னும் இறக்காதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய இங்கிலிஷ் கன்சர்ட்டினாவில் ஜி-ஷார்ப்புக்கு ஒரு பொத்தான், ஏ-ஃபிளாட்டுக்கு வேறொரு பொத்தான் இருக்கும். டி-ஷார்ப், ஈ-ஃபிளாட்டுக்கும் அப்படியே. பியானோவில் இவை ஒன்றே. ஆரம்பகால வாத்தியங்களில் இவை தனித்தனிச் சுருதியில், மீன்டோன் என்னும் பழைய முறையில் சேர்க்கப்பட்டிருந்தன. உங்கள் வாத்தியத்தில் அந்த ஜோடிகள் இரண்டும் சற்று விலகி ஒலித்தால் அரத்தைக் கீழே வையுங்கள். அது தொடக்ககாலச் சுருதி அப்படியே தப்பிப் பிழைத்த ஒன்றாக இருக்கலாம். அதைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். விற்பதற்காக அதை "சரிசெய்வது" என் கருத்தில் நாசம் செய்வதுதான்.

பித்தளை ரீடா எஃகு ரீடா என்பதையும் குறிப்பிடுங்கள். பித்தளையின் ஒலி மென்மையானது, ஆனால் சீக்கிரம் சுருதி விலகும், உடையவும் செய்யும். எஃகு சத்தமாகப் பேசும், துருப்பிடிக்கும். மாற்று ரீடு போட்டிருந்தால் எந்தப் பொத்தான், எந்தத் திசை என்று எழுதுங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். உங்களுக்குத் தெரிந்த குறைகளையும் அதே தாளில் சேருங்கள்: பக்கப் பலகையில் பழைய விரிசல், ஒலிக்கத் தாமதிக்கும் கீழ் ஸ்வரம், லேசாகக் கசியும் மூலை. விஷயம் தெரிந்தவரிடம் விற்கும்போது இந்தத் தாள்தான் உங்கள் விளம்பரம்.

தந்தமும் மரமும்: சட்டத்தை முதலில் பாருங்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரிட்டனில் தந்தச் சட்டம் 2022 ஜூன் 6 முதல் அமலில் இருக்கிறது. தந்தப் பொத்தான் உள்ள வாத்தியத்தைப் பதிவு செய்யாமல் விற்பது மட்டுமல்ல, விற்பனைக்கு என்று அறிவிப்பதும் குற்றம். அபராதம் 2,50,000 பவுண்டு வரையும் சிறை ஐந்து ஆண்டு வரையும் போகலாம். 1975-க்கு முன் செய்யப்பட்டு, தந்தம் மொத்தக் கன அளவில் 20 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு. அதைப் பெற இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 20 பவுண்டு. கன்சர்ட்டினா அந்த அளவைத் தாண்ட வழியே இல்லை. ஆனால் பதிவு செய்யாமல் இருந்தால் விலக்கு தானாக வராது.

நல்லவேளை, பெரும்பாலான லாஷனால் பொத்தான்கள் எலும்புதான். உருப்பெருக்கியில் பார்த்தால் எலும்பில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகளோ கோடுகளோ தெரியும். அவை இரத்தக்குழாய் ஓடிய தடங்கள். தந்தத்தில் அவை இருக்காது. சின்னப் பொத்தானில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால், தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிட்டே விளம்பரம் போடுங்கள்.

ரோஸ்வுட் பக்கப் பலகை என்றால் அது எந்த ரோஸ்வுட் என்ற கேள்வி வரும். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு விற்றால் சான்றிதழ் வேண்டும். மஹாகனி, கருங்காலி, உலோகப் பக்கங்களுக்கு இந்தத் தொந்தரவு பொதுவாக இல்லை. ஆமை ஓடு பதித்த அரிய வாத்தியங்களுக்குத் தனி விதிகள். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் உள்நாட்டிலேயே விற்கப் பாருங்கள் என்பேன்.

படமும் ஒலியும்

பக்கங்கள், பெயர்ச் சீட்டு, விரித்த துருத்தி, பெட்டி எல்லாம் பகல் வெளிச்சத்தில். அதற்கு மேல், ரசிகருக்கு உள்பக்கப் படம் வேண்டும். போல்ட்டுகளைக் கழற்றி, எந்தத் துளையில் எது இருந்ததோ அந்த வரிசையிலேயே ஓர் அட்டையில் குத்தி வையுங்கள். நூறு வருடம் ஒரே துளையில் இருந்த போல்ட் வேறு துளையில் சரியாகப் பிடிக்காது. ரீடு பலகையின் இரு பக்கமும், பேடுகளும், நெம்புகோல்களும் தெளிவாகத் தெரிய எடுங்கள். திரும்ப மூடும்போது எதிரெதிர் போல்ட்டாக, விரலுக்குப் பிடிப்பு தெரியும்வரை மட்டும் திருகுங்கள்.

ஒலிப்பதிவில் ஒரு பாட்டை அழகாக வாசித்து அனுப்புபவர்கள் அதிகம். அது உங்கள் வாசிப்பைத்தான் காட்டும். ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தும் திசையிலும் இழுக்கும் திசையிலும் மெதுவாக, ஒரே காற்றழுத்தத்தில், கீழிருந்து மேல் வரை பதிவு செய்யுங்கள். எக்கோ கூடாது. ஆங்கிலோ 30 என்றால் 60 ஸ்வரம், காற்று விடும் பொத்தான் தனி. அப்புறம் வேண்டுமானால் ஒரு பாட்டு. போனிலுள்ள டியூனர் செயலியை வைத்து ஒவ்வொரு ரீடும் எத்தனை சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்கு) விலகி இருக்கிறது என்று பட்டியல் போட்டு இணைத்தால், தொலைவில் இருப்பவர்கூட நம்பிக்கையோடு பேச வருவார்.

விலை

இதில் மனசுக்குக் கஷ்டமான பகுதி ஒன்று உண்டு. சரிசெய்யச் செலவான பணமும் மணிநேரமும் விலையில் முழுசாகத் திரும்ப வராது. சந்தை பார்ப்பது வாத்தியத்தை, உங்கள் உழைப்பை அல்ல.

எளிய 20 பொத்தான் லாஷனால் ஆங்கிலோ நன்றாக வேலை செய்தாலும் சில நூறு பவுண்டு எல்லைதான். நல்ல ஜெஃப்ரீஸ் சி/ஜி ஆங்கிலோ பல ஆயிரத்துக்குப் போகும். இத்தனை இடைவெளிக்கு வயது காரணமில்லை; அயர்லாந்து வாசிப்பாளர்கள் எல்லோரும் ஒரே வகையைத் துரத்துவதுதான் காரணம். அதே தரத்தில் அதே காலத்தில் செய்த 48 பொத்தான் இங்கிலிஷ் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த விலைக்கே கிடைக்கும். டூயட் இன்னும் மலிவு.

உங்கள் வாத்தியத்தை அதே தயாரிப்பாளர், அதே பொத்தான் எண்ணிக்கை, அதே ரீடு உலோகம், அதே நிலையில் உள்ள இன்னொன்றோடு ஒப்பிடுங்கள். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். ஏலத்தில் விற்ற விலை என்றால் வாங்கியவர் அதற்கு மேலும் கட்டணம் கொடுத்திருப்பார், விற்றவர் கையில் அதைவிடக் குறைவாகவே வந்திருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நேரடியாக ரசிகருக்கு விற்கும்போது இரண்டு பேருக்கும் மிச்சம் அதுதான். காப்பீட்டுக்காக எழுதிக் கொடுத்த மதிப்பு, மாற்றி வாங்க ஆகும் செலவைக் காட்டுவது. அதை எடுத்து விலையாகப் போட்டால் சிரிப்பார்கள்.

ஆளைக் கண்டுபிடிப்பது, வாசிக்கக் கொடுப்பது

கன்சர்ட்டினா உலகம் சின்னது. 1952 முதல் இயங்கும் சர்வதேசக் கன்சர்ட்டினா சங்கம், உள்ளூர் பப்களில் நடக்கும் இசைக் கூடல்கள், மோரிஸ் என்ற இங்கிலாந்து நாட்டுப்புற நடனத்தை ஆடும் குழுக்கள், ஜூலையில் கிளேரின் மில்டவுன் மால்பேயில் நடக்கும் வில்லி கிளான்சி வாரம் என்று சில இடங்களில் சொல்லி வைத்தாலே போதும். மோரிஸ்காரர்களுக்கு இந்த வாத்தியத்தின்மேல் தனிப் பாசம் உண்டு. 1899 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த ஹெடிங்டனில் வில்லியம் கிம்பர் ஆங்கிலோ வாசிக்க அவர்கள் குழு ஆடியதைப் பார்த்துத்தான் நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் செசில் ஷார்ப் அந்த நடனங்களைத் தேடத் தொடங்கினார். உங்களிடம் இருப்பது அந்தக் காலத்து ஆங்கிலோ என்றால் அவர்களிடம் முதலில் சொல்லுங்கள்.

முடிந்தால் நேரில் சந்தியுங்கள். வாத்தியம் குளிரில் காரில் வந்திருந்தால் அறைச் சூட்டுக்கு வரும்வரை பெட்டியிலேயே இருக்கட்டும். கடுமையான ஹீட்டர் ஓடும் அறை வேண்டாம். மரம் காய்ந்து சுருங்கினால் ரீடுகள் தங்கள் பொருத்தில் தளர்ந்து இரைய ஆரம்பிக்கும், ரீடு பலகையில் ஒரு ரீடின் சிற்றறையிலிருந்து பக்கத்துச் சிற்றறைக்குக் காற்று கசிந்து தேவையில்லாத ஸ்வரம் கூடவே கேட்கும்.

வந்தவரிடம் முதலில் வாத்தியத்தைக் கொடுங்கள், நீங்கள் வாசித்துக் காட்டாதீர்கள். அவர் ஒரு பக்கத்தைப் பிடித்து மறுபக்கத்தைத் தொங்கவிட்டு, எந்தப் பொத்தானும் அழுத்தாமல் துருத்தி எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று பார்ப்பார். விரைவாக விழுந்தால் கசிவு. பிறகு மிக மெல்லிய காற்றில் ஒவ்வொரு ரீடும் பேசுகிறதா என்று பார்ப்பார். திறந்து பார்க்கக் கேட்டால் திருப்புளியையும் ஒரு துண்டுத் துணியையும் எடுத்துக் கொடுங்கள். திறக்க விடமாட்டேன் என்பவரிடம் யாரும் ஆயிரம் பவுண்டு கொடுப்பதில்லை. அவருடைய சொந்த வாத்தியத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள், இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தால் பேச்சு தானாக விஷயத்துக்கு வந்துவிடும். அப்புறம் தேநீர் போட அடுக்களைக்குப் போய்விடுங்கள். பக்கத்தில் நின்றால் யாராலும் நிம்மதியாக வாசிக்க முடியாது.

தூரத்தில் இருப்பவருக்கு, முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு ஒரு வாரம் வாசித்துப் பார்க்க அனுப்பலாம். பிடிக்காவிட்டால் அதே நிலையில் திருப்பி அனுப்ப வேண்டும், பணம் முழுசாகத் திரும்பும், திரும்பும் கூலி அவருடையது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள்.

பணமும் ரசீதும்

வங்கிப் பரிமாற்றம்தான் எளிது. பணம் கணக்கில் வந்ததை உங்கள் வங்கிச் செயலியில் நீங்களே பாருங்கள். அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் போதாது. வாசித்துக்கூடப் பார்க்காமல் கேட்ட விலைக்கும் மேல் காசோலை அனுப்பி, "மிச்சத்தை எடுத்துவரும் ஆளிடம் கொடுங்கள்" என்பவர் ரசிகர் இல்லை, மோசடிக்காரர்.

பிரிட்டனில் தனிநபர் விற்பனைக்குக் கடைக்காரருக்கு இருக்கும் உத்தரவாதப் பொறுப்பு கிடையாது. ஆனால் நீங்கள் சொன்ன விவரணைக்குப் பொருள் பொருந்தியாக வேண்டும். முன்பு எழுதிய அந்தத் தாள் இங்கே உங்களைக் காப்பாற்றும். அதையே இரண்டு பிரதி எடுத்து, எண், விலை, தேதி எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டால் ரசீதும் ஆயிற்று. தந்தப் பதிவு இருந்தால் அதன் பிரதியும் போகட்டும். அவர் பின்னால் விற்க நினைத்தால் அவர் பெயரில் மறுபடி பதிவு செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். "எப்போதாவது விற்பதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி சேர்ப்பதும் இந்த வட்டத்தில் வழக்கம்தான்.

அனுப்புவது

துருத்தியை முழுக்க மூடி, எந்தப் பொத்தானும் அழுந்தாதபடி, பஞ்சுத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். வாசிக்கும்போது இருக்கும் நிலையிலேயே, பக்கங்கள் இடமும் வலமும் பார்க்க, படுத்திருக்கட்டும். ஒரு பக்கத்தின்மேல் நிற்க வைத்தால் தோல் வால்வுகள் நாளடைவில் தொங்கிவிடும். பழைய ஆறுபக்க மரப்பெட்டி பலவும் அப்படி நிற்க வைப்பவைதான். அழகுக்குக் கொடுங்கள், தினசரிப் புழக்கத்துக்கு வேறு பெட்டி சொல்லுங்கள். வாத்தியப் பெட்டியை இன்னொரு கெட்டி அட்டைப்பெட்டிக்குள், சுற்றிலும் மெத்தென்ற பொருள் வைத்து அடையுங்கள்.

காப்பீட்டு விதிகளைப் படித்துவிட்டு அனுப்புங்கள். பழம்பொருளுக்கும் இசைக்கருவிக்கும் ஈடு தர மறுக்கும் கூரியர்கள் நிறைய. வெளிநாடு என்றால் உண்மையான விலையையே சுங்கப் படிவத்தில் எழுதுங்கள். நூறு வருடத்தைத் தாண்டிய பொருட்களுக்குச் சுங்க வகைப்பாட்டில் 9706 என்ற தனித் தலைப்பு இருக்கிறது. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதன்கீழ் இறக்குமதித் தீர்வை இல்லை, மதிப்புக் கூட்டு வரி மட்டும் வரும். ஆனால் வயதுக்கு ஆதாரம் கேட்பார்கள். அந்தப் பேரேட்டுப் பக்கத்தின் படம் இங்கே மறுபடி உதவும்.

போய்ச் சேர்ந்த சில நாளில், "ஒரு ரீடு பேசவில்லை" என்று செய்தி வரலாம். பதற வேண்டாம். பயணத்தில் ஒரு தூசியோ நூலிழையோ ரீடுக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கியிருக்கும். அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு துருத்தியைச் சற்று வேகமாக இரு திசையிலும் இயக்கச் சொல்லுங்கள். அப்படியும் பேசாவிட்டால் பக்கத்தைத் திறந்து, ரீடின் ஓரத்து இடைவெளியில் மெல்லிய காகிதத்தை ஒருமுறை இழுத்தால் போதும். எந்தக் காரணம் கொண்டும் அவர் ரீடை விரலால் நெம்பவோ வளைக்கவோ வேண்டாம். அதற்கும் சரியாகவில்லை என்றால் அவர் ஊரில் உள்ள பழுதுபார்ப்பவரிடம் காட்டி, செலவை உங்களிடம் சொல்லட்டும்.